‘படுதோல்வி’ என்ற சொல் பற்றி

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். 2026 ஜனவரி முதல் வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கிரிக்கெட் அட்டவணைக்குக் கீழே, நாலு வரியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். டார்ட்ஸ் (வட்டப் பலகையில் சின்ன அம்பு எறியும் விளையாட்டு) உலகப் போட்டியில் இங்கிலாந்தின் லிட்லர் மீண்டும் சாம்பியன், நெதர்லாந்தின் ‘வான் வீன்’ 7-1 என்று படுதோல்வி, இது மதுக்கடைகளில் ஆடப்படும் விளையாட்டு. அவ்வளவுதான் செய்தி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாலு வரிக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று நினைப்பீர்கள். நான் ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது.

என் பேரனுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான். வாரம் ஒரு பத்திரிகைச் செய்தியைச் சத்தமாக வாசித்துப் பழகி, அதை வெட்டிக் கொண்டுபோய் வகுப்பில் சொல்லவேண்டும் என்பது ரீச்சர் கொடுத்த வேலை. அரசியல் செய்தி எதையும் தொடமாட்டான். டார்ட்ஸ் என்ற சொல்லைக் கண்டதும் குந்திவிட்டான். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவன் நிறுத்தினான்.

“அப்பப்பா, படுதோல்வி எண்டால் என்ன?”

“மோசமாத் தோக்கிறது, ராசா.”

“அப்ப இது பிழை.”

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். ஜனவரி 3ஆம் திகதி இரவு அந்த இறுதிப் போட்டியை என்னோடு விழித்திருந்து பார்த்தவன் அவன். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஏன் சரி என்று அவனுக்கு விளங்கப்படுத்தப் போய்த்தான் எனக்கே சில விசயங்கள் பிடிபட்டன.

முதலில் பெயர். ‘வான் வீன்’ இல்லை, ஜியான் ஃபன் ஃபேன். இங்கே ‘வ’ வராது, ‘ஃப’தான். ஃபேன் என்றால் சதுப்பு நிலம். இந்த நாட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே மண்ணும் தண்ணீரும்தான். 2002 ஏப்ரலில் பிறந்த பெடியன், ஊர் பூடரோயன். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மாஸ் ஆற்றுக்கும் வால் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் பொம்மலர்வார்ட் என்ற தாழ்நிலத்தில் ஒரு சின்னக் கிராமம். அந்தத் தாழ்நிலத்தில், கண்ணாடிக் கூடங்களுக்குள் செவ்வந்தி வளர்க்கும் வேலையில்தான் நான் இருபத்தாறு வருசம் இருந்தேன். அந்தப் பிள்ளையை நேரில் கண்டதில்லை. ஆனால் அவன் பள்ளிக்குப் போன காலமெல்லாம் நான் அந்தப் பக்கத்து அணைக்கட்டு வீதியில் விடியப்புறம் சைக்கிள் மிதித்திருக்கிறேன்.

நான் டார்ட்ஸ் பழகியதே ஒரு வெள்ளத்தால்தான். 1995 ஜனவரிக் கடைசியில் ஆறுகள் பெருகி, அணை உடைந்துவிடும் என்று பயந்து, இந்த ஆற்றுப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். மாடுகளையும்கூட. ஒரு அகதி மறுபடியும் அகதியானேன். எங்களைக் கொண்டுபோய்விட்ட விளையாட்டு மண்டபத்தின் கன்ரீனில் ஒரு டார்ட்ஸ் பலகை தொங்கியது. செய்ய வேறு வேலை இல்லை. எனக்கு டச்சு மொழி அரைகுறை. பக்கத்தில் நின்ற விவசாயி மூன்று அம்புகளை என் கையில் வைத்து, கோட்டைக் காலால் காட்டினார். பாசை தேவைப்படவில்லை.

பாசை தேவைப்பட்டது கணக்கு எழுதும்போதுதான். 501இல் தொடங்கிக் கழித்துக்கொண்டு வந்து, கடைசி அம்பை வெளி வளையமான டபிளில் குத்திச் சரியாகச் சைபரில் முடிக்கவேண்டும். இப்படி முடிகிற ஒரு ஆட்டத்துக்கு லெக் என்று பெயர். எங்கள் கழகத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் கணக்கு எழுதவேண்டும் என்பது வழக்கம். தொடக்கத்தில் நான் எப்போதும் தோற்றவன், ஆகவே எப்போதும் எழுதுகிறவன். டச்சுக்காரர் எண்பத்தைந்தை ‘ஐந்தும் எண்பதும்’ என்பார்கள். தமிழில் முதலில் எண்பது, பிறகு ஐந்து. ஒரு நாள் ஒருவர் ட்ரிபிள் 20 (மூன்று மடங்கு, அதாவது 60), ஒரு 20, பிறகு கை வழுக்கி 20க்குப் பக்கத்திலிருக்கும் 5. மொத்தம் 85. “ஃபெய்ஃப் என் தக்தக்” என்றார். முதல் காதில் விழுந்த ஐந்தை நான் முன்னால் போட்டு 58 கழித்து, 416 எழுதவேண்டிய இடத்தில் 443 எழுதிவிட்டேன். முழுக் கன்ரீனும் சிரித்தது. அன்றிலிருந்து டச்சு எண்கள் எனக்குப் பிழைத்ததில்லை. மொழி வகுப்பு ரீச்சர் இரண்டு வருசமாகச் செய்யாததை அந்தப் பலகை ஒரு மாரிகாலத்தில் செய்தது.

1998இல் ரேமண்ட் ஃபன் பார்னஃபெல்ட் 6-5 என்று உலகப் பட்டம் வென்றபோது இந்த நாடே பலகை வாங்கி மாட்டியது. தபால்காரர், ஹேக் நகரத்துக்காரர். அடுத்த வருசமும் 6-5. பிறகு மைக்கல் ஃபன் கேர்வன் வந்தார். 2014, 2017, 2019 என்று மூன்று உலகப் பட்டங்கள். மதுக்கடை விளையாட்டு என்று நீங்கள் எழுதியது பொய்யில்லை. கஃபேக்களில்தான் பிறந்தது, இன்றும் அங்கேதான் வளர்கிறது. ஆனால் உதைபந்தாட்டம் பற்றி எழுதும்போது அது வயல்வெளியில் பிறந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்களா? சரி, விடுவோம்.

நான் சொல்ல வந்தது கை பற்றி.

2009இல் ஒரு திங்கட்கிழமை இரவு, கழகப் போட்டி. எனக்கு மிச்சம் 32. டபிள் 16 குத்தினால் முடிந்தது. எல்லாருக்கும் பிடித்த டபிள் அது, ஏனென்றால் கொஞ்சம் உள்ளே விழுந்தாலும் 16 மிஞ்சும், டபிள் 8க்குப் போகலாம், அதுவும் தவறினால் டபிள் 4. பாதியாகப் பாதியாகக் குறைந்துகொண்டு போகும். வளையத்தின் அகலம் 8 மில்லிமீற்றர், நிற்கிற தூரம் 2.37 மீற்றர். பதினாலு வருசமாக எறிந்த எறி. கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தேன், பின்னால் இழுத்தேன், முன்னால் விட்டேன். அம்பு போகவில்லை. விரல்கள் திறக்கவில்லை. திரும்ப இழுத்தேன். திரும்பவும் இல்லை. மூன்றாம் தரம் தோள் மட்டும் குலுங்கியது. எதிராளி ஒரு பாண் போறணைக்காரர், நல்ல மனுசன், என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் அணித் தலைவர் பின்னாலிருந்து “லோஸ்லாத்தன்!” என்று கத்தினார். விடு என்று அர்த்தம். விடத் தெரிந்தால் விட்டிருப்பேனே.

இதற்கு டார்டைட்டிஸ் என்று பெயர். 1981இல் இங்கிலாந்தில் ஒரு டார்ட்ஸ் சஞ்சிகையின் ஆசிரியர் வைத்த பெயர் அது. உங்கள் தொழில்காரர்தான். ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே 80களின் பிற்பகுதியில் இது பிடித்தது. அதற்குப் பிறகும் அவர் இறுதிப் போட்டிகள் வரை வந்தார், உலகப் பட்டம் மட்டும் வரவில்லை. 2017இல் இங்கத்தைய பெடியன் பெரி ஃபன் பேருக்கு நேரடி ஒளிபரப்பில் கை பிடித்துக்கொண்டதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நான் ரீவியை நிறுத்திவிட்டேன்.

குடும்ப டொக்ரர் என் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். உண்மைதான். அடுத்த நாள் காலை அதே விரல்கள் செவ்வந்தியின் பக்க மொட்டுகளை ஒரு குறையில்லாமல் கிள்ளின. வீட்டில் பலகையைக் கழற்றிவிட்டு வெறும் தட்டியைப் பார்த்து எறிந்தால் அம்பு சுகமாகப் போகும். பலகையை மாட்டினால் போகாது. பாரமான அம்பு, மெல்லிய அம்பு, கண்ணை மூடி எறிதல், எண்ணிக்கொண்டு எறிதல் எல்லாம் பார்த்தேன். இடக்கையால் எறிந்ததில் யன்னல் சீலை கிழிந்து, மனுசி மூன்று நாள் கதைக்கவில்லை. கடைசியில் நான் நிரந்தரக் கணக்கெழுத்தாளன் ஆனேன். இன்றுவரைக்கும்.

ஜியான் ஃபன் ஃபேனுக்கும் இளவயதில் இதே நோய் இருந்தது. மறைக்காமல் தானே சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அவர் ஆடிய கணக்கைப் பாருங்கள்.

2023 தொடக்கத்தில் தொழில்முறை ஆட்டக்காரருக்கான டூர் கார்ட் எடுத்தார். அந்த வருச நவம்பரில் இளையோர் உலகப் போட்டியின் இறுதிக்கு வந்து லூக் லிட்லரிடம் 6-4 தோற்றார். லிட்லருக்கு அப்போது பதினாறு வயது. 2024இல் மறுபடி அதே இறுதி, சக நாட்டவர் யூர்யன் ஃபன் டெர் ஃபெல்டவுக்கு எதிராக. 5-5. கடைசி லெக். வென்றார். 2025 ஒக்ரோபரில் டோர்ட்முண்டில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதி, எதிரில் முன்னாள் உலக சாம்பியன் லூக் ஹம்ஃப்ரீஸ். 10-10. கடைசி லெக். வென்றார். பெரிய தரவரிசைப் பட்டம் அதுதான் முதலாவது. ஒரு மாதத்துக்குள் மைன்ஹெட்டில் மறுபடி இளையோர் இறுதி. மறுபடி 5-5. மறுபடி வென்றார்.

மூன்று இறுதிப் போட்டி, மூன்றும் கடைசி லெக்கில். அந்த நேரத்தில் டபிளுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு மனதில் என்ன ஓடும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மேலே சொல்லிவிட்டேன். ஒருகாலத்தில் விட மறுத்த கை, விட்டே ஆகவேண்டிய இடத்தில் மூன்று முறையும் விட்டிருக்கிறது. இதைப் பற்றி எந்தப் பத்திரிகையும், இங்கத்தைய டச்சுப் பத்திரிகைகளும் சேர்த்துத்தான், நான் எதிர்பார்த்த அளவுக்கு எழுதவில்லை. எவ்வளவு காசு, எத்தனையாவது இடம் என்பதிலேயே நிற்கிறார்கள்.

அந்தக் கடைசி இளையோர் இறுதி பற்றி இன்னும் ஒன்று. எதிராளி இங்கிலாந்தின் போ கிரீவ்ஸ். அந்த இறுதிக்கு வந்த முதல் பெண், அரையிறுதியில் லிட்லரையே 6-5 என்று வெளியேற்றியவர். அவரும் டார்டைட்டிஸால் பட்ட பாட்டை வெளிப்படையாகச் சொன்னவர். யோசித்துப் பாருங்கள். ஒரே மேடையில், ஒரே பலகைக்கு முன்னால், விரல் திறக்காத நோயைக் கடந்து வந்த இரண்டு பேர் கடைசி லெக் வரை எறிகிறார்கள். அன்று நான் கதிரையில் இருக்க முடியாமல் எழும்பி நின்று பார்த்தேன். பேரனுக்கு ஏன் என்று விளங்கவில்லை. இரண்டு பேரில் யார் எறியும்போதும் என் வலக்கை விரல்கள் தாமாக விரிந்துகொண்டிருந்தன என்று அவன் பிறகு சொல்லிச் சிரித்தான்.

இப்போது உங்கள் 7-1க்கு வருகிறேன். லண்டன் அலெக்ஸாண்ட்ரா பெலஸில் நடக்கும் உலகப் போட்டிக்கு இந்த முறை 128 பேர். அதற்கு முந்திய இரண்டு தடவையும் இவர் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்கு வந்தவர். அந்த மண்டபத்தில் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. இந்த முறை காலிறுதியில் ஹம்ஃப்ரீஸை 5-1, அரையிறுதியில் இரண்டு முறை சாம்பியனான கேரி அண்டர்சனை 6-3. அண்டர்சன் முதலாவது உலகப் பட்டம் எடுத்தபோது இந்தப் பெடியனுக்குப் பன்னிரண்டு வயது.

இறுதியில் முதல் செட்டை எடுத்தது ஃபன் ஃபேன்தான். பிறகு லிட்லர் தொடர்ந்து ஏழு செட்டும் எடுத்தார். அதை மறுக்க எனக்கு வாயில்லை. லிட்லர் அன்று எறிந்த எறிக்கு முன்னால் யார் நின்றாலும் கஷ்டம்தான். முந்திய வருசம் ஃபன் கேர்வனுக்கே 7-3. ஆனால் ஒரு சாதாரண வாசகர் 7-1 என்றதும் உதைபந்தாட்டத்தை நினைப்பார், ஒருவன் ஆட்டம் முழுவதையும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான் என்று நினைப்பார். இங்கே ஒரு செட் என்பது மூன்று லெக் முதலில் எடுப்பவருக்கு. 3-2 என்று மயிரிழையில் போன செட்டும் ஒன்று, 3-0 என்று போன செட்டும் ஒன்று. இழுபறிப்பட்டுத் தோற்ற லெக்குகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் இது எனக்குப் பழைய மனக்குறை.

காசும் சொல்லவேண்டும், இல்லையென்றால் உங்கள் வாசகர் விடமாட்டார்கள். வென்றவருக்கு 10 லட்சம் பவுண், இரண்டாமவருக்கு 4 லட்சம் பவுண். இந்த விளையாட்டில் தரவரிசை என்பது வேறொன்றுமில்லை, தரவரிசைப் போட்டிகளில் இரண்டு வருசத்தில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகை. அந்தக் கணக்கில் அவர் உலகில் மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டார். வருசக்கணக்காக டச்சு முதலிடத்தில் அசையாமல் இருந்த ஃபன் கேர்வன் அன்றோடு அவருக்குப் பின்னால் போனார். 2026 பிரீமியர் லீக் என்ற டார்ட்ஸ் தொடருக்குத் தெரிவான எட்டுப் பேரில் இவரும் ஒருவர். நீங்கள் ‘படுதோல்வி’ என்று எழுதிய இரவின் விளைவு இது.

எங்கள் கழகத்தில் போன வருசம் ஒரு பிள்ளை சேர்ந்தான். பெயர் வேண்டாம். நல்ல எறி. மாரி தொடங்கியபோது அவன் கை டபிளுக்கு முன்னால் நிற்கத் தொடங்கியது. எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அம்பை விட முன்னம் வரும் அந்தச் சின்னக் குலுக்கம் தெரியும். தகப்பன் அவனைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமோ என்று என்னிடம் கேட்டார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. நான் நின்றவன்தானே, நிற்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, தொடரச் சொல்ல அனுபவம் இல்லை. இறுதிப் போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை அவன் வந்தான். அவனோடு யாரும் கை பற்றிக் கதைக்கவில்லை. எல்லாரும் ஜியானைப் பற்றிக் கதைத்தார்கள். அவன் எறிந்தான். இரண்டு அம்பு போனது, மூன்றாவது நின்றது, இறக்கி வைத்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப எறிந்தான். நான் 26 கழித்து எழுதினேன். டார்ட்ஸ் ஆடுகிறவர்கள் வெட்கப்படும் எண்ணிக்கை அது. 20 போனால் பக்கத்து 5உம் 1உம் வந்து சேர்ந்ததென்று அர்த்தம். அன்று யாரும் பகிடி பண்ணவில்லை.

இவ்வளவும் நாலு வரிக்குள் அடங்காது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது இரண்டு திருத்தம் மட்டும். பெயரை ஃபன் ஃபேன் என்று போடுங்கள். ‘படுதோல்வி’யை எடுத்துவிட்டு ‘தோல்வி’ என்று போட்டால் போதும். தோற்றதைத் தோற்றது என்று எழுதுவதில் எனக்கும் பேரனுக்கும் ஆட்சேபம் இல்லை.

ரீச்சர் கேட்ட துண்டை அவன் இன்னும் கொண்டுபோகவில்லை. இரண்டு சனிக்கிழமை ஏதோ சாக்குச் சொல்லிவிட்டான். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் மேசையில் இருக்கிறது. திருத்தம் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வந்தால் வசதி. பள்ளி காலை பத்து மணிக்கு.

இப்படிக்கு,
க. சி.
சல்ட்பொம்மல், நெதர்லாந்து